காத்திருந்த ஆசிரியை: புனித ரோஸ் பிலிப்பீன் டுஷேன்

ஆங்கிலப் பாடவேளை மணி அடித்ததும் நெஞ்சு படபடக்கும் தோழியர் நம்மிடையே பலர் உண்டு. எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முந்தின இரவு மனப்பாடம் செய்த வாக்கியமும் பாதியில் கைவிட்டுவிடும். வீட்டுக்குப் போய் அழுபவர்களும் இல்லாமல் இல்லை. அவர்களுக்கெல்லாம் துணையாக ஒருவரை இந்த ஆண்டு மலரில் அறிமுகம் செய்ய விரும்புகிறோம். ஆங்கிலம் கடைசிவரை சரளமாகக் கைவராத அவர், ஆங்கிலம் பேசும் நாட்டுக்குக் கப்பலேறிப் போய்ப் பள்ளிக்கூடங்கள் திறந்தார். 71 வயதில், அதைவிடக் கடினமான வேறொரு மொழி பேசும் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தார். அந்த மொழியும் அவருக்கு வரவில்லை. அவர்தான் திரு இருதய சபையைச் சேர்ந்த அன்னை ரோஸ் பிலிப்பீன் டுஷேன்.

பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த கிரெனோபிள் நகரில், 1769 ஆகஸ்ட் 29-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற வழக்கறிஞர், அரசியலிலும் ஈடுபட்டவர். தாய், பெரியே என்ற செல்வ வணிகக் குடும்பத்துப் பெண். குழந்தைக்கு அந்நகரின் புனித லூயி ஆலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. லீமா நகரத்துப் புனித ரோசம்மாளின் பெயரும், அப்போஸ்தலர் பிலிப்புவின் பெயரும் சேர்த்து வைத்தார்கள். ரோசம்மாள் அமெரிக்கக் கண்டத்தின் முதல் புனிதை என்பது நமக்குத் தெரியும். இந்தக் குழந்தை தன் வாழ்நாளின் பிற்பாதியைச் செலவிட்ட இடமும் அமெரிக்காவில் செயின்ட் லூயி என்ற நகரைச் சுற்றித்தான். பெயர்கள் சில வேளை இப்படி முந்திக்கொள்கின்றன!

டுஷேன் வீட்டுக்கு அவ்வப்போது ஒரு சேசு சபைக் குரு வருவார். லூயிசியானாவில் பணிபுரிந்து திரும்பியவர். காடுகளையும், பேராறுகளையும், செவ்விந்தியர்களையும் பற்றி அவர் சொல்லச் சொல்ல, எட்டு ஒன்பது வயதுச் சிறுமி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். செவ்விந்தியர் என்ற சொல்லை நம் பாடப்புத்தகங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்துச் சூட்டிய தவறான பெயர் அது. அவர்கள் அம்மண்ணின் பூர்வகுடிகள். ஒவ்வொரு குலத்துக்கும் தனிப் பெயரும் தனி மொழியும் உண்டு. ஆனால் அந்தச் சிறுமிக்கு அதெல்லாம் தெரியாது. அவள் மனத்தில் ஒரு விதை விழுந்தது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதில் அவளை நகருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மேட்டு மரியன்னை மடம் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். விசிட்டேஷன் சபைக் கன்னியர் அதை நடத்தினர். மகளுக்கு மடத்து வாழ்வில் நாட்டம் அதிகமாவதைக் கண்ட தந்தை அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பிலிப்பீன் எதிர்த்துப் பேசவில்லை. மனத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. 1788-இல் 18 வயதில் அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மடத்துக்குப் போனாள். உள்ளே போனவள் வெளியே வர மறுத்துவிட்டாள். அத்தை தனியாகத் திரும்பிப் போய் வீட்டில் செய்தி சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அத்தையின் நிலைமையை நினைத்தால் நமக்குச் சற்றுப் பாவமாகத்தான் இருக்கிறது.

தந்தை மகளை வலிய இழுத்து வரவில்லை. ஆனால் வார்த்தைப்பாடு கொடுக்கும் காலம் வந்தபோது அனுமதி மறுத்தார். நாடு போகும் போக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1792-இல் கன்னியர் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மடம் சிறைச்சாலை ஆயிற்று. வீடு திரும்பிய பிலிப்பீன் சும்மா இருக்கவில்லை. தாம் ஜெபித்த அதே கட்டிடத்துக்குப் போய், அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்களுக்கு உணவு கொடுத்தார். ஒளிந்து வாழ்ந்த குருக்களை மரணப் படுக்கையில் இருந்தவர்களிடம் அழைத்துச் சென்றார். தெருவில் திரிந்த சிறுவர்களைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார். அவர் ஆசிரியை ஆனது அந்தத் தெருப்பிள்ளைகளிடந்தான். பிள்ளைகள் அவரை லேசில் விட்டுவிடவில்லை என்று படிக்கிறோம்.

புரட்சியின் வேகம் தணிந்த பிறகு, 1801-இல் அவர் பாழடைந்து கிடந்த மேட்டு மரியன்னை மடத்தை வாடகைக்கு எடுத்தார். சன்னல்கள் உடைந்து, கூரை ஒழுகிற்று. பழைய கன்னியர் திரும்பி வந்து கூடி வாழ்வார்கள் என்பது அவர் கனவு. சிலர் வந்தார்கள், குளிரையும் வறுமையையும் கண்டு போய்விட்டார்கள். ஊரார் குறை பிலிப்பீன் மீதே விழுந்தது. அவருடைய கண்டிப்பான போக்கும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது நம் எண்ணம். பின்னாளில் புனிதர் ஆனவர்கள் எல்லோரும் உடன் வாழ்வதற்கு எளியவர்கள் என்று யார் சொன்னது?

1804 டிசம்பரில் மதலேன் சோபி பாரா என்ற இளம் கன்னி அந்த மலையேறி வந்தார். திரு இருதய சபையைத் தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. சோபி அன்னைக்கு வயது 25; பிலிப்பீனுக்கு 35. தம்மைவிடப் பத்து வயது இளையவரின் முன் பிலிப்பீன் முழந்தாளிட்டார். கட்டிடத்தையும் தம்மையும் அந்தச் சபைக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஏற்பட்ட நட்பு 48 ஆண்டுகள் நீடித்தது.

1806-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு. திவ்ய நற்கருணைக்கு முன் பிலிப்பீன் இரவு முழுவதும் விழித்திருந்தார். உடல் கிரெனோபிளில் இருந்ததே தவிர, மனம் அமெரிக்கக் காடுகளில் இருந்தது. விடிந்ததும் தம் ஆசையைச் சோபி அன்னைக்கு எழுதினார். சோபி அன்னை மறுக்கவில்லை, காத்திரு என்றார். சபை சிறியது, பிரான்சிலேயே வேலை மலைபோல் கிடந்தது.

காத்திரு என்று சொல்வது எளிது. ஒரு வாரம் பொறுக்க நம்மால் முடிகிறதா? தேர்வு முடிவு வரும்வரை நாம் படுகிற பாடு நமக்கே தெரியும். பிலிப்பீன் அன்னை பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். அந்த ஆண்டுகளில் வகுப்பு நடத்தினார், நோயாளிகளைக் கவனித்தார், பாரீசில் சபையின் செயலாளராகக் கணக்கு வழக்கு, கடிதம் எல்லாம் பார்த்தார். 1817-இல் லூயிசியானாவின் மேற்றிராணியார் துபூர் பாரீசுக்கு வந்து, தம் மறைமாவட்டத்துக்குக் கன்னியர் வேண்டும் என்று கேட்டார். அப்போதும் சோபி அன்னை தயங்கினார். மேற்றிராணியார் விடைபெற்றுக் கிளம்பும் நேரம். பிலிப்பீன் அன்னை வாசலில் முழந்தாளிட்டு மன்றாடினார். அனுமதி கிடைத்தது.

1818 மார்ச் மாதம் பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து ரெபேக்கா என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. பிலிப்பீன் அன்னையோடு நான்கு கன்னியர். தலைவிக்கு வயது 48. அந்தக் காலத்தில் அது முதுமை; இனிமேல் ஓய்வு என்று சொல்லும் வயது. அட்லாண்டிக் கடலைக் கடக்க ஏறக்குறைய பத்து வாரங்கள் ஆயின. எதிர்க்காற்று, புயல், கடல் நோய், கெட்டுப்போன தண்ணீர். மே 29-ஆம் நாள், திரு இருதயத் திருநாளன்று, நியூ ஆர்லியன்ஸ் அருகே கரையிறங்கியதும் அவர் மண்டியிட்டு அந்த மண்ணை முத்தமிட்டார். அந்நகரில் 1727 முதலே இருந்த உர்சுலைன் கன்னியர் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே அன்னை நோயுற்றுப் படுத்தார். பிறகு மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகில் வடக்கே பயணம். ஆகஸ்ட் கடைசியில் செயின்ட் லூயி வந்து சேர்ந்தார்கள்.

அங்கேதான் முதல் ஏமாற்றம்! செவ்விந்தியக் குழந்தைகளுக்காக வந்தவருக்கு மேற்றிராணியார் கொடுத்த வேலை வேறு. குடியேறிய வெள்ளையர் வீட்டுப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றார். அதுவும் செயின்ட் லூயி நகரில் அல்ல. மிசௌரி ஆற்றுக்கு அப்பால் செயின்ட் சார்ல்ஸ் என்ற சிற்றூரில். அன்னைக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் போனார். 1818 செப்டம்பர் 14-ஆம் நாள், ஒரு கூடமும் சில சிற்றறைகளும் கொண்ட வாடகை மரவீட்டில் பள்ளி தொடங்கியது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, கட்டணம் இல்லாமல் ஏழைக் குழந்தைகள் படித்த முதல் பள்ளி அதுவே என்பார்கள். ஏழைப் பிள்ளைகள் இருபதுக்கு மேல் வந்தார்கள். கட்டணம் கொடுத்துத் தங்கிப் படிக்கும் விடுதி மாணவியரோ மூன்றே பேர்! விடுதிப் பணத்தில்தான் ஏழைப் பள்ளியை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. கணக்குப் பாடத்தில் நாம் எவ்வளவு மோசமானாலும் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்லிவிடலாம்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அன்னை எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அடுப்பருகே வைத்த தண்ணீரும் உறைந்தது. துவைத்து உலரப்போட்ட துணி பலகைபோல விறைத்தது. விறகு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. கன்னியரே மாட்டுத் தொழுவத்தைக் கூட்டி, தோட்டத்தைக் கொத்தி, தண்ணீர் சுமந்து, அதற்குப் பிறகு கரும்பலகையின் முன் நின்றார்கள்.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். மிசௌரிப் பகுதி 1803-இல் பிரான்சுக்குச் சொந்தமாக இருந்தது. அந்த ஆண்டு நெப்போலியன் அதை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார். ஆகவே பழைய குடும்பங்கள் பிரெஞ்சு பேசின. புதிதாக வந்து குடியேறியவர்கள் ஆங்கிலம் பேசினார்கள். ஒரே வகுப்பில் இரு மொழிப் பிள்ளைகள்! உடன் வந்த இளைய கன்னியர் சீக்கிரமே ஆங்கிலம் கற்றுக்கொண்டார்கள். ஐம்பதை நெருங்கும் அன்னைக்கு அது படியவில்லை. இலக்கணம் படித்தார், பயிற்சி செய்தார். பேச்சில் தடுமாற்றம் தீரவில்லை. ஆங்கிலம் பேசும் பெற்றோர் வந்தால் வேறொரு கன்னி பேச வேண்டியிருந்தது. தலைவிக்கு இது எத்தனை கூச்சமாக இருந்திருக்கும்! தம்மைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி சோபி அன்னைக்கு அவர் மீண்டும் மீண்டும் எழுதினார்.

சொல்லால் செய்ய முடியாததை அவர் கையால் செய்தார். பகலில் வேலை, இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு பிள்ளைகளின் கிழிந்த உடைகளுக்கு ஒட்டுப் போடுவார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகே கண்விழித்து உட்கார்ந்திருப்பார். மாடிப்படிக்கு அடியில் உள்ள குறுகலான இடமே அவர் படுக்கையறை. 1822-இல் லூயிசியானாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் நீராவிப் படகில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, யாரும் நெருங்க அஞ்சிய ஒரு பயணிக்கு அவர் இறுதிவரை பணிவிடை செய்தார். தாமும் அந்தக் காய்ச்சலில் விழுந்தார்.

செயின்ட் சார்ல்ஸ் பள்ளி ஓராண்டில் மூடப்பட்டது. 1819-இல் மூட்டை முடிச்சு, மாடு, கோழிகளோடு ஆற்றைக் கடந்து புளோரிசான்ட் என்ற ஊருக்குப் போனார்கள். அதன்பின் வளர்ச்சி வேகமானது. 1821-இல் லூயிசியானாவின் கிராண்ட் கோட்டோவில் ஓர் இல்லம். 1827-இல் செயின்ட் லூயி நகரில் ஒரு செல்வர் கொடுத்த வீட்டில், 20 அநாதைச் சிறுமியரை வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மற்றோர் இல்லம். 1828-இல் மூடிய செயின்ட் சார்ல்ஸ் பள்ளி மறுபடி திறப்பு. பத்தே ஆண்டுகளில் ஆறு இல்லங்கள். இவ்வளவையும் தொடங்கி வைத்தவர் தம்மைத் தோல்வியுற்றவர் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்.

1825-இல் புளோரிசான்ட்டில் செவ்விந்தியச் சிறுமியர் சிலருக்காக ஒரு பள்ளி தொடங்கினார். கனவு கைகூடியது போலத் தோன்றியது. ஆனால் தங்கள் குழந்தைகளை விட்டுப் பிரிந்திருக்கப் பெற்றோருக்கு மனமில்லை. குலங்களோ குடியேறியவர்களின் நெருக்குதலால் மேற்கே மேற்கே நகர்ந்துகொண்டிருந்தன. சில ஆண்டுகளில் அந்தப் பள்ளி நின்றுபோயிற்று.

மறைக்கக்கூடாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். மிசௌரியும் லூயிசியானாவும் அடிமை முறை நிலவிய பகுதிகள். அன்னை தலைமை வகித்த காலத்திலேயே திரு இருதய சபையின் இல்லங்களில் கறுப்பின அடிமைகள் வேலை செய்தார்கள். கறுப்பினக் குழந்தைகளை வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் சேர்க்கக்கூடாது என்று மேற்றிராணியார் விதித்தார், அன்னை கீழ்ப்படிந்தார். அடிமை முறை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. அதை ஏற்று வாழ்ந்தார் என்பதும் உண்மை. சபையே இந்த வரலாற்றை மீண்டும் ஆராய்ந்து, 2018-இல் கிராண்ட் கோட்டோவில் அந்த அடிமைகளுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியது. பெயர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சந்ததியாரையும் அழைத்தார்கள். புனிதரின் வாழ்வை எழுதும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட நமக்கு உரிமை இல்லை என்று எண்ணுகிறோம்.

1840-இல் அவர் கேட்டுக்கொண்டே இருந்த விடுதலை கிடைத்தது. தலைமைப் பொறுப்பு வேறொருவரிடம் போயிற்று. முதுமை, தளர்ச்சி, நோய். ஆயினும் அடுத்த ஆண்டு மேற்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பொட்டாவட்டோமி என்ற குலத்தாரின் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தக் கன்னியர் தேவை என்று சேசு சபைக் குருக்கள் கேட்டார்கள்.

அந்தக் குலத்தாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்தியானா பகுதியில் அவர்களுக்குச் சொந்த மண் இருந்தது. வயலும் கோயிலும் இருந்தன. 1830-இல் அமெரிக்க அரசு பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றச் சட்டம் இயற்றியது. மெனோமினி என்ற தலைவர் நிலத்தை எழுதிக் கொடுக்க மறுத்தார். 1838 ஆகஸ்ட் கடைசியில் துப்பாக்கி ஏந்தியவர்கள் சூழ்ந்து அவர்களைப் பிடித்தார்கள். செப்டம்பர் 4-ஆம் நாள், ஏறக்குறைய 850 பேர் துப்பாக்கிமுனையில் நடத்திச் செல்லப்பட்டார்கள். இரண்டு மாதம், சுமார் 660 மைல். வழியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மரணப் பாதை என்று அந்தப் பயணத்துக்குப் பெயர். அவர்களை விட்டுப் பிரிய மறுத்து உடன் நடந்த பெத்தி என்ற இளங்குரு, திரும்பும் வழியில் 1839 பிப்ரவரியில் செயின்ட் லூயியில் இறந்தார். எஞ்சியவர்கள் இன்றைய கன்சாஸ் மாநிலத்தில் சுகர் கிரீக் என்ற ஓடைக்கரையில் குடிசைகள் போட்டுக்கொண்டார்கள். சர்க்கரை ஓடை என்று பொருள். பெயரில் மட்டுமே இனிப்பு.

அங்கே போகும் கன்னியர் பட்டியலில் பிலிப்பீன் அன்னையின் பெயரைச் சேர்ப்பதா என்று எல்லோரும் தயங்கினார்கள். மாடியேறவே மூச்சு வாங்கும் மூதாட்டி அங்கே போய் என்ன செய்வார்? வெர்ஹேகன் என்ற சேசு சபைத் தலைவர் உறுதியாக இருந்தார். தோளில் சுமந்தாவது அவரை அழைத்துப் போவதாகவும், அவரால் வேலை செய்ய முடியாவிட்டாலும் ஜெபிக்க முடியும் என்றும் சொல்லிவிட்டார். 1841 ஜூலை 9-ஆம் நாள் அவர்கள் சுகர் கிரீக் போய்ச் சேர்ந்தார்கள். அன்னைக்கு 72 வயது நிறைய ஏழு வாரம் இருந்தது. பெரிய வியாழன் இரவிலிருந்து எண்ணினால் 35 ஆண்டுகள்!

பொட்டாவட்டோமிகள் விழாக்கோலத்தோடு, குதிரைகளில் அணிவகுத்து எதிர்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் வந்து கன்னியரின் கையைக் குலுக்கினார்கள். 35 ஆண்டுகளாக இங்கே வரவேண்டும் என்று கடவுளைக் கேட்டவர் இவர் என்று குரு அன்னையை அறிமுகம் செய்தார். குலத்தைச் சேர்ந்த ஒருவர் தம் குடிசையைக் கன்னியருக்காக விட்டுக் கொடுத்தார். உடன் வந்த எட்மண்ட் என்ற கறுப்பின மனிதரின் உழைப்பால் பிறகு ஒரு மரவீடு எழுந்தது.

பள்ளி உடனே தொடங்கியது. அன்னை லூசீல் மத்தெவோனும் மற்றவர்களும் அம்மொழியைச் சொல் சொல்லாகப் பொறுக்கிக் கற்றார்கள். சிறுமியர் எழுத்தும் தையலும் பயின்றார்கள். தாய்மாரும் வந்து உட்கார்ந்தார்கள். பிலிப்பீன் அன்னையும் கற்க முயன்றார். நீண்ட நீண்ட சொற்கள், பழக்கமில்லாத ஒலிகள். ஒன்றும் நிற்கவில்லை. நாள் முழுதும் பிள்ளைகள் சூழ்ந்திருக்க, அவர்களிடம் ஒரு வாக்கியம் பேச முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தார். எட்டு வயதிலிருந்து எந்தக் குழந்தைகளுக்காக ஏங்கினாரோ அந்தக் குழந்தைகள்! நோயாளிகளைப் போய்ப் பார்ப்பார். காலுறை பின்னுவார். மீதி நேரமெல்லாம் கோயில். காலையில் நான்கு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் அசையாமல் முழந்தாளில் இருப்பார் என்பார்கள். ஒரு நாள் பிள்ளைகள் ஓசையில்லாமல் பின்னால் வந்து, அவர் உடையின் ஓரத்தில் மக்காச்சோள மணிகளை வைத்துவிட்டுப் போனார்களாம். வெகுநேரம் கழித்து வந்து பார்த்தபோது, ஒரு மணிகூட நகராமல் அப்படியே இருந்தனவாம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. அம்மக்கள் தங்கள் மொழியில் அவருக்கு ஒரு பெயர் சூட்டினார்கள்: எப்போதும் ஜெபிக்கும் பெண்.

இந்த இடத்தை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. மொழியும் தெரியாமல், உடல் வலுவும் இல்லாமல் அவ்வளவு தூரம் போனது மற்றக் கன்னியருக்குச் சுமைதானே என்று சிலர் கேட்டார்கள். தொண்டு என்பது நம் ஆசை தீர்வதற்கா, அவர்கள் தேவை தீர்வதற்கா என்பது அவர்கள் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் கடுங்குளிரில் உண்மையிலேயே அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவைப்பட்டது. இன்று ஓராண்டு, ஈராண்டு என்று பிறநாட்டுப் பள்ளிகளுக்குத் தொண்டு செய்யப் போகும் இளைஞர்களைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது.

வேறு சிலர் மற்றொரு பக்கத்தைக் காட்டினார்கள். பொட்டாவட்டோமிகளிடம் அதுவரை வந்த வெளியார் பெரும்பாலும் எதையாவது வாங்கிப் போக வந்தவர்கள். ஒருவர் கையெழுத்துக் கேட்டார். ஒருவர் நிலம் கேட்டார். ஒருவர் துப்பாக்கியைக் காட்டி நட என்றார். இந்த மூதாட்டி ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்தவர்கள் அவர்கள்தான். புதுச் சோளம் கொண்டு வந்தார்கள். முட்டை, கோழி கொண்டு வந்தார்கள். படுக்கைக்கு மெத்தென்ற வைக்கோல் கொண்டு வந்தார்கள். எல்லாம் பறிபோனவர்கள், மொழி தெரியாத ஒரு விருந்தினரைப் பேணினார்கள்.

இன்னொன்றும் எங்களுக்குத் தோன்றியது. பின்னாளில், 1879-இல் கார்லைலில் தொடங்கியது போன்ற அரசு விடுதிப் பள்ளிகளில், பூர்வகுடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் தண்டிக்கப்பட்டார்கள். முடியை வெட்டி, பெயரையும் மாற்றினார்கள். நம் திருச்சபையினர் நடத்திய விடுதிப் பள்ளிகளும் அந்த வரலாற்றில் உண்டு. சுகர் கிரீக் பள்ளியிலோ கற்க வேண்டியவர்கள் ஆசிரியைகளாக இருந்தார்கள். அதில் தேறாமல் போனவர் பிலிப்பீன் அன்னை. வாதம் இதோடு முடிந்துவிடவில்லை. ஆசிரியை வந்து விளக்கை அணைக்கச் சொன்னதால் நிறுத்தினோம்.

அன்னைக்குத் திரும்பும் எண்ணமே இல்லை. ராக்கி மலைகளுக்கு அப்பால் உள்ள குலங்களிடம் போக முடியுமா என்றுகூடக் கடிதத்தில் ஆசைப்பட்டிருக்கிறார்! ஆனால் குளிர்காலம் அவர் உடலை முறித்துவிட்டது. 1842 ஜூன் மாதம் மேலிடத்தார் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கடலுக்கு அக்கரையிலும், இருபத்து மூன்று ஆண்டுகள் இக்கரையிலும் காத்திருந்து பெற்ற வாழ்வு ஓராண்டு நிறைவதற்குள் முடிந்தது. செயின்ட் சார்ல்ஸ் வீட்டில் ஆலயத்தை ஒட்டிய ஒரு சிற்றறை அவருக்குக் கிடைத்தது.

அங்கே மேலும் பத்து ஆண்டுகள். ஒட்டுப் போட்டார், சிறு பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தார், காத்திருந்தார். அவர் முதலில் உழைத்து வளர்த்த புளோரிசான்ட் இல்லம் 1846-இல் மூடப்பட்டது. எல்லாவற்றிலும் கசப்பானது, சோபி அன்னையிடமிருந்து கடிதம் வராமல் போனதுதான். ஆண்டுகள் ஓடின; ஒரு வரி இல்லை. தம் மீது அன்னைக்கு மனத்தாங்கலோ என்று அந்த மூதாட்டி உள்ளுக்குள் மாய்ந்தார். சோபி அன்னையோ பாரீசில் அவரை மறக்கவே இல்லை; நடுவில் கடிதங்கள் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். நிலைமை தெரிந்ததும், பிலிப்பீன் அன்னையின் உடன்பிறந்தாள் மகளும் சபையின் கன்னியுமான அமெலி ஜூவை 1847-இல் தம் கடிதத்தோடு நேரே அனுப்பி வைத்தார். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய முகத்தைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பொட்டாவட்டோமிகள் 1848-இல் மறுபடி இடம்பெயர்ந்து கன்சாஸ் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அன்னை மத்தெவோனும் பள்ளியும் அவர்களோடு போனார்கள். சுகர் கிரீக்கில் இன்று பள்ளி இல்லை. அங்கே இறந்த பொட்டாவட்டோமிகளின் பெயர்களைப் பொறித்த சிலுவைகளும், பிலிப்பீன் அன்னையின் பெயரால் ஒரு நினைவுப் பூங்காவும் இருக்கின்றன. 1940-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அன்னைக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1988 ஜூலை 3-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1852 நவம்பர் 16-ஆம் நாள், செயின்ட் சார்ல்ஸ் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அன்னா து ரூசியே என்ற கன்னி. ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்தவர். படுக்கையில் கிடந்த 83 வயது அன்னையின் அருகே முழந்தாளிட்டு ஆசீர் கேட்டார். நடுங்கும் விரலால் அன்னை அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 18-ஆம் நாள் நண்பகலில், பிலிப்பீன் அன்னை இறந்தார். அன்னா து ரூசியே மறு ஆண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே சாந்தியாகோ நகரில் பெண்களுக்கு ஒரு பள்ளியும், அடுத்த ஆண்டு ஆசிரியைகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். அங்கே பேசுவது ஸ்பானிய மொழி.